கஞ்சமலை அடிவாரத்து உலைகள்

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மல்லூரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் பார்வையைச் செலுத்த வேண்டும். சோளக்காடுகளுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் அப்பால், படுத்திருக்கும் எருமையைப் போல் கறுத்து நீண்ட ஒரு மலை தென்படும். அதுதான் கஞ்சமலை. அதன் அடிவாரத்தில் சித்தர் கோவில். அமாவாசை தோறும் அங்கே பெருங்கூட்டம் சேரும். மலையின் வயிற்றிலோ இரும்பு! அந்தக் கல்லின் அருகே காந்தத்தைக் கொண்டு போனால் ஆசையோடு போய் ஒட்டிக் கொள்ளும்.

ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் மூன்று முதல் ஐந்து அடி உயரமுள்ள களிமண் உலைகள் புகைந்து கொண்டிருந்தன. துருத்தி ஆட்டுத் தோல், எரிபொருள் மரக்கரி. உருக்குச் செய்யும் வித்தையோ இன்னும் விசித்திரமானது. இரும்புத் துண்டையும் ஆவாரங்குச்சியையும் மண்மூசையில் இட்டு, பச்சை எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயைப் பூசி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். அப்படிப் பிறந்த இந்திய உருக்கைத்தான் லண்டனில் மைக்கேல் பாரடே என்ற மேதை 1819-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து பார்த்தார்.

சேலத்தில் கும்பினி உத்தியோகம் பார்த்த ஜோசையா ஹீத் என்பவர் 1830-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலையை ஆரம்பித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலையும் மூடியது. சீமையிலிருந்து மலிவான இரும்பு வந்து குவிந்ததாலும், காட்டு மரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததாலும் கிராமத்து உலைகளும் அணைந்தன. துருத்தி ஊதிய கைகள் கூலி வேலைக்குப் போயின.

ஆனால் உலை என்பது சேலத்தை விட்டு அடியோடு போய்விடவில்லை. கஞ்சமலை அடிவாரத்திலேயே இன்று சேலம் உருக்காலை இருக்கிறது. 1981-ல் தகடு உருட்டத் தொடங்கிய அந்த ஆலையில், 2010 வாக்கில் மின்சார வில் உலையும் சேர்ந்தது. ஏற்காடு சாலையருகே வெள்ளை வெளேரென்று கிடக்கும் மாக்னஸைட் கல்லைச் சுட்டால் 2,800 டிகிரிக்கும் இளகாத பொருள் கிடைக்கிறது. பெரிய எஃகு உலைகளுக்கு உள்பூச்சு அதுவே.

நான் பார்க்க விரும்பியது சிறிய உலையை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் நண்பர் ஒருவர், தம் வீட்டுப் பின்கட்டில் தாமே ஒரு மின்சார உலை கட்டியிருந்தார். அவருடைய தகப்பனார் கரிப்புகையிலேயே காலந்தள்ளி இருமிக் கொண்டிருந்தவர்.

"இதில் என்ன பிரமாதம்?" என்றார் நண்பர். "இலேசான நெருப்புச் செங்கல்லில் காடி வெட்டி, நிக்ரோம் கம்பிச் சுருளை அதில் பதித்தேன். 230 வோல்ட்டில் 26 ஓம் தடை வைத்தால் 2,000 வாட். வெள்ளி உருகுவது 962 டிகிரியில். அதற்கு இது போதும்."

"அபாயம் இல்லையா?"

அவர் வலது உள்ளங்கையைக் காட்டினார். நடுவில் ஒரு தழும்பு. முதல் உலையில் மூசையை எடுக்கும்போது இடுக்கி சுருளில் பட்டுவிட்டதாம். "அன்று ஈரத் தரையில் நின்றிருந்தால் இன்று உங்களோடு பேசிக் கொண்டிருக்க மாட்டேன்!" என்றார்.

இரண்டாவது உலையில் கதவைத் திறந்தவுடனே இரண்டு கம்பியிலும் மின்சாரம் அறுந்து போகும்படி சுவிட்ச் வைத்திருக்கிறார். இரும்புக் கூடு பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவியும் உண்டு. சூட்டைக் கட்டுப்படுத்தும் விசை எப்போதாவது ஒட்டிக் கொண்டு உலை எல்லை மீறலாம் என்பதால், அதை விட்டு அவர் அப்பால் நகர்வதில்லை. ஈர மூசையில் உலோகம் உருக்கினால் நீர் ஆவியாகிச் சிதறும். ஆகையால் மூசையை முதலில் காய வைக்கிறார். காங்கிரீட் தரையில் உருகிய வெள்ளி சிந்தினால் தரையே வெடித்துத் தெறிக்கும். எனவே கீழே உலர்ந்த மணல் பரப்பியிருக்கிறார். உடுப்பு பருத்தி; பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பழைய வெள்ளியின் பற்றுப்பொடியில் காட்மியம் இருக்கலாம்; அதன் புகை கொடிய நஞ்சு என்பதால் புகைபோக்கி ஓடாமல் உலை எரிவதில்லை.

நான் விடைபெறும் சமயம் பெரியவர் உள்ளே வந்தார். மகன் ப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்ட பிறகே உலைக் கதவைத் திறந்தார். செக்கச் சிவந்த அந்தக் குகையைக் கிழவர் வெகுநேரம் பார்த்துக் கொண்டு நின்றார். நான் அங்கிருந்தவரை ஒரு தடவைகூட அவர் இருமவில்லை.