மன்னார்க் கரையில் எண்மர்

மன்னாருக்குச் சென்று வருவோர் பலர். மன்னாரைக் கண்டு வருவோர் எத்தனை பேர்? இவ்வினாவை என்னையே நான் கேட்டுக்கொள்ளும்படி செய்த இரண்டு பயணங்களைப் பற்றி ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

முதற் பயணத்தில் ஐம்பது மாணவர்கள். ஒரு பஸ் வண்டி. போதாததற்கு ஓர் ஒலிபெருக்கி. யாழ்ப்பாணத்தினின்றும் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக வந்து, பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியை அடைந்தோம். ஆழமற்ற நீர்ப்பரப்பில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நீண்ட கோடொன்று தெரிந்தது. "பூநாரை!" என்று ஒருவன் கூவினான். ஐம்பது பேரும் இறங்கி ஓடினர். கோடு மேலெழுந்து, கலைந்து, மறைந்தது. மாணவர்கள் கைதட்டி ஆரவாரித்தனர். நானும் அன்று மகிழ்ந்தேன் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

சென்ற மாசியில் மீண்டும் சென்றேன். இம்முறை, திருவுளச்சீட்டுப் போட்டுத் தெரிந்த எட்டு மாணவர்கள் மட்டுமே வந்தனர். வங்காலையைச் சேர்ந்த முதிய மீனவர் ஒருவர் வழிகாட்ட இசைந்திருந்தார்.

"விடிய முன்னம் போகவேணும், மாஸ்டர். பத்துப் பேருக்கு மேலே எண்டால் நான் வரமாட்டன்" என்றார்.

"ஏன், பெரியவர்?"

"ஆள் கூடினால் அதுகள் எழும்பிப் பறந்திடும். சாப்பிடுற பிள்ளையின்ரை கோப்பையைப் பறிச்ச மாதிரி."

அவ்வொரு வாக்கியம் என் பழைய மகிழ்ச்சிக்குத் தண்டனையாயிற்று.

வங்காலைப் பகுதி 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. வடநாடுகளின் கடுங்குளிரை விட்டு வரும் பறவைகள் மாரிகாலத்தை இங்கே கழிக்கின்றன. மீண்டும் வடக்கே புறப்படுமுன் நெடும்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை அவை உடலிற் சேமித்தாக வேண்டும். வீணாக ஒருமுறை எழுந்து பறப்பதும் அச்சேமிப்பிலிருந்து செலவழிவதே.

பற்றைகளின் ஓரமாக அமர்ந்தோம். அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. ஊசிவால் வாத்துக்கள் கூட்டங் கூட்டமாக மிதந்தன. பூநாரைகள் கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை வடித்து இரை கொண்டன. அவற்றின் இளஞ்சிவப்பு, உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறப்பொருளால் வருவது என்று மெல்லக் கூறினேன். வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி, "அப்படியென்றால், இந்தக் களப்பு கெட்டுப்போனால் அவற்றின் நிறமும் போய்விடுமா, சேர்?" என்று வினவினாள். ஐம்பது பேருடன் வந்த அன்று என்னிடம் எவரும் ஒரு வினாவும் கேட்கவில்லை.

பின்னர்த் தீவினுட் சென்றோம். பள்ளிமுனையில், அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பெருக்கமரத்தை எண்மரும் கைகோத்துச் சுற்றிப் பார்த்தனர், கை எட்டவில்லை. தென்கரையில் 2021ஆம் ஆண்டு முதல் இயங்கும் காற்றாலைகள் முப்பதையும் கண்டோம். நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், பறவைகளுக்கு வான்வழியும் வேண்டும். இரண்டையும் எவ்வாறு காப்பது என்று மணலில் அமர்ந்து மாணவர்கள் நெடுநேரம் வாதிட்டனர். நான் தீர்ப்புக் கூறவில்லை. நண்பகல் உணவு மீனவர் வீட்டில். ஐம்பது பேருக்குப் பட்டணத்திலிருந்து பொட்டலச் சோறுதான் கொண்டுவர வேண்டும். எண்மருக்கு ஒரு குடும்பம் சமைக்கலாம், அப்பணமும் அவ்வூரிலேயே தங்கும்.

'எஞ்சிய நாற்பத்திருவர் செய்த பிழை என்ன?' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர்களும் முறை வைத்துச் செல்லவேண்டும். ஆசிரியர் ஒரு தடவைக்குப் பதில் ஆறு, ஏழு தடவை புறப்பட வேண்டும். செலவும் சிரமமும் கூடும். ஆனால், ஒரே நாளிற் கடமையை முடித்துவிடும் எண்ணத்தை நாம் விடாதவரையில், பிள்ளைகள் காண்பது பறவைகளின் முதுகை மட்டுமே.

மாலையில் தாம்போதி வழியே திரும்பினோம். வண்டியை நிறுத்தாமலே பார்த்தோம். அந்த இளஞ்சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.