கேட்காமல் போட்ட தரை

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து "அம்மா" என்று ஒரு குரல், தொடர்ந்து பாத்திரம் உருளும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் என் மனைவி தரையில் கிடக்கிறாள். சோறு வடிக்கும்போது சிந்திய கஞ்சியில் கால் வைத்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

விழுந்தவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்தத் தரையைப் போட்டவன் நான்.

கதை கொஞ்சம் பழையது. வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் வீட்டை அப்பா 1958-ல் எடுத்துக் கட்டினார். புதுச்சேரியில் அப்போது பறந்தது இந்தியக் கொடி, நாங்கள் பள்ளியில் படித்தது பிரெஞ்சு. சமையல்கட்டுக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை. சிமெண்டோடு காவிப் பொடியைக் கலந்து பூசி, கொத்தனார் குந்தி உட்கார்ந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். அதில் காகிதக் கப்பல் விட்டு அடி வாங்கினேன். அம்மா ஐம்பது வருடம் துடைத்துத் துடைத்து அந்தத் தரை கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் கால் வழுக்கி யாரும் விழுந்ததாக நினைவில்லை. ஆட்டுக்கல் இருந்த மூலையில் மட்டும் வட்டமாகச் சற்றுத் தேய்ந்திருக்கும்.

2010-ல் ஓய்வு பெற்றேன். கையில் கொஞ்சம் பணம். சிவப்புத் தரையில் இரண்டு விரிசல் ஓடியிருந்தது. ஒரே பாளமாகப் போட்ட தரை அது, நடுவில் இணைப்பு கிடையாது, விரிசல் விடத்தான் செய்யும். எனக்கோ பளபளவென்று இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் ஆசை. அலுவலகத்துப் பழக்கம், மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியலை மனைவியிடம் காட்டினேன். "வழுக்கும் போலிருக்கேங்க" என்றாள். "எல்லா வீட்டிலயும் இதைத்தான் போடுறாங்க" என்றேன். கோப்பு அதோடு முடிந்தது.

பள்ளியில் எங்கள் வாத்தியார் முதல் வகை வினைச்சொற்களுக்கு 'க்ளிஸ்ஸே' என்ற சொல்லையும் உதாரணம் காட்டுவார். வழுக்குதல் என்று பொருள். ழ க்ளிஸ், த்யு க்ளிஸ், எல் க்ளிஸ். நான் வழுக்குகிறேன், நீ வழுக்குகிறாய், அவள் வழுக்குகிறாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது காரணமில்லாமல் அது மனதில் ஓடியது. இலக்கணப்படி 'அவள்' கடைசியில் வருகிறாள். எங்கள் வீட்டில் அவள்தான் முதலில் விழுந்தாள்.

கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் சமையல் என் தலையில். அப்போதுதான் அந்தத் தரையில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நின்றேன். சிங்க் ஓரம் எப்போதும் ஈரம். அடுப்புக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளைத் தரையில் தண்ணீர் சிந்தியிருப்பது கண்ணுக்கே தெரியாது. கிரைண்டர் பக்கம் உளுந்து மாவு ஒரு சொட்டு விழுந்தால் போதும். பதினைந்து வருடமாக அவள் விரல்களை ஊன்றி ஊன்றி நடந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுவாரம் "தரையை மாத்திடலாம். இந்தத் தடவை நீ பார்த்துச் சொல்லு" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "கடைக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக்குங்க" என்றாள்.

கடையில் அவள் செய்ததை நான் எந்த டெண்டரிலும் பார்த்ததில்லை. மாதிரி டைலைத் தரையில் வைக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீரை ஊற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். பளபளப்பானவை எல்லாம் அங்கேயே தோற்றன. கார் நிறுத்துமிடத்துக்குப் போடும் முண்டும் முடிச்சுமான டைலைக் கடைப் பையன் காட்டினான். "அந்த இடுக்குல மாவு போனா நான் பிரஷ் வச்சுத்தான் எடுக்கணும் தம்பி" என்று அதையும் தள்ளினாள். கடப்பைக்கல் எனக்குப் பிடித்தது. "நம்ம மேடையில எலுமிச்சம்பழம் பட்ட இடத்தைப் பார்த்தீங்கல்ல" என்றாள். உண்மைதான். அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்புப் பட்டால் வெளுத்துத் திட்டு விழும்.

கடைசியில் அவள் எடுத்தது ஓரடிக்கு ஓரடி, பத்து மில்லிமீட்டர் கனம், மங்கலான மேற்பரப்பு, சாம்பல் நிறம். மேலே மட்டும் சாயம் பூசியதல்ல, உடல் முழுக்க ஒரே நிறம். குழவி விழுந்து ஓரம் பெயர்ந்தாலும் உள்ளே வெள்ளையாகப் பல்லைக் காட்டாது. சின்ன டைல் என்றால் இணைப்புகள் அதிகம், அந்தக் கோடுகளே காலுக்குப் பிடிப்பு. இணைப்பில் மஞ்சள் கறை ஏறாமலிருக்க எபாக்ஸி நிரப்பச் சொன்னார்கள். கொஞ்சம் விலை கூட, ஆனால் சமையல்கட்டுக்கு அது வேண்டும்.

எனக்குள் ஒரு ரகசிய ஆசை இருந்தது. வெள்ளை டைலைப் பெயர்த்தால் அடியில் அம்மாவின் சிவப்புத் தரை அப்படியே இருக்கும், விரிசலை அடைத்து அதையே வைத்துக்கொள்ளலாம் என்று. மேஸ்திரி முதல் டைலைப் பெயர்த்ததும் குனிந்து பார்த்தேன். சிவப்பு இருந்தது. ஆனால் சாணுக்குச் சாண் உளியால் கொத்திய குழிகள். "கொத்தி விட்டாத்தான் ஐயா மேல போடுற கலவை பிடிக்கும். அதான் போட்டவங்க கொத்தியிருக்காங்க" என்றார். 2010-ல் அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருப்பேன். என்ன நடக்கிறதென்று கேட்கத் தோன்றவில்லை. புதிதாகச் சிவப்புத் தரை போட முடியுமா என்றேன். அந்தத் தேய்ப்பு தெரிந்த ஆள் இப்போது கிடைப்பது கஷ்டம் என்றார். சிவப்புச் சில்லு ஒன்றை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

தரை மாற்றப் போகிறவர்களுக்கு மேஸ்திரி சொன்ன மூன்று விஷயம். பழைய தரை மேலேயே புதியதைப் போட்டால் மட்டம் உயரும். கதவு தட்டும், வாசற்படியில் கால் இடறும். நம் வயதுக்கு அது இன்னொரு விழுகை. அடுத்து, சிந்திய தண்ணீர் நிற்காமல் ஜலதாரைப் பக்கம் ஓட லேசான வாட்டம் வேண்டும். மூன்றாவது, கலவை காய்ந்ததும் ஒவ்வொரு டைலையும் குச்சியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை நிறையவில்லை. பாத்திரம் விழுந்தால் அங்கேதான் உடையும். எங்கள் வீட்டில் நான்கு டைல் அப்படிச் சத்தம் கொடுத்தன. மறுபேச்சில்லாமல் பெயர்த்துப் போட்டுக் கொடுத்தார்.

நான்காவதை நான் சொல்கிறேன். எந்தத் தரையைப் போட்டாலும் அதில் நிற்கப்போகிறவரை முதலில் கேளுங்கள்.

புதுத் தரை போட்டு மூன்று மாதமாகிறது. மனைவியின் கை சரியாகிவிட்டது, ஆனால் குளிர்ந்த நாளில் இன்னும் வலிக்கிறது. கஞ்சி வடிப்பது மட்டும் இப்போதும் என் வேலை. நேற்று வடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு சொட்டு சிந்திவிட்டது. அவள் அதன்மேல் நடந்து போய், "உப்பு எங்கே வச்சீங்க?" என்று கேட்டாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை.