மாமியார் முழங்காலும் மோவாப் பாறையும்

அடியே,

உன் வாய்ஸ் மெசேஜை அடுப்படியில் நின்றபடி கேட்டேன். ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஆக, அண்ணன் ஆசைப்பட்டபடியே பழைய ரிவியன் ஆர்1டி எலெக்ட்ரிக் பிக்கப் ஒன்றைப் பிடித்துவிட்டார். கையோடு சண்டையும் வந்துவிட்டது! கதவுக்குக் கீழே பாறையிலிருந்து காக்கும் ராக் ஸ்லைடர்தான் போடுவேன் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அத்தையும் மாமாவும் ஆறு மாதம் தங்க வரப்போகிறார்கள், ஏறுவதற்குப் படி வேண்டும் என்று நீ நிற்கிறாய். நடுவில் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். சரி, உட்கார். நாட்டாமை தீர்ப்பு கொஞ்சம் நீளம்.

அண்ணனுக்கு இந்தப் பித்து எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். 'லாங் வே அப்' தொடர்தானே? யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் 2019இல் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை எலெக்ட்ரிக் பைக்கில் வந்தார்களே, அவர்களுக்குத் துணையாக ஓடியவை அப்போது விற்பனைக்கே வராத ரிவியன் வண்டிகள். எங்கள் வீட்டிலும் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் ராத்திரி ஒரு மணிவரை தூங்காமல் உட்கார்ந்திருந்தார். ஆம்பிளைகளுக்குப் பாறையைக் கண்டால் என்னவோ ஆகிவிடுகிறதடி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் பாதிப் பேர் காசைத் தொலைக்கிறார்கள். படியின் வேலையும் ஸ்லைடரின் வேலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். கால் வைத்து ஏற வேண்டுமானால் படி தாழ இருக்கணும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கணும், அகலமாக இருக்கணும். பாறையிலிருந்து காக்க வேண்டுமானால் உயரே இருக்கணும், உடம்போடு ஒட்டி இருக்கணும், வண்டியின் கனத்தையே தாங்கணும். ஒன்றை நன்றாகச் செய்தால் மற்றது கெடும். இரண்டையும் ஒரே சாமானில் தருகிறேன் என்பவனிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "இதுக்கு அடியில ஜாக்கி வச்சு வண்டியைத் தூக்கலாமா?" தலையைச் சொறிந்தான் என்றால் அது ஸ்லைடர் இல்லை, ஸ்லைடர் வேஷம் கட்டிய படி.

இந்த ஜாக்கி கேள்வி சும்மா இல்லை. ஆர்1டி ஏறத்தாழ ஏழாயிரம் பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்கு மேல். அந்தக் கனத்தில் ஒரு பெரிய பங்கு உங்கள் கால்களுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கும் பேட்டரி. ஓரத்து இரும்பு வளைந்தால் பெட்ரோல் ஜீப்பில் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். இதில் அந்த ஓரத்துக்கு அந்தப் பக்கம் பேட்டரிப் பெட்டி. அதனால் யாரும் டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு அந்த ஓரத்தில் புது ஓட்டை போட விடாதே. ஏற்கெனவே இருக்கும் துளைகளில், உள்ளே இருக்கும் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குவதாக இருக்கணும். வெளித்தகட்டில் மட்டும் மாட்டுவது வெறும் அலங்காரம். டயர் மாற்ற ஜாக்கி வைக்கும் இடங்கள் மூடிப்போகாமல் இருக்கின்றனவா என்றும் பார். எலெக்ட்ரிக் வண்டியைக் கண்ட இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பேட்டரியின் அடியே நசுங்கும். எங்கள் ஊர் டயர் கடையில் எங்கள் ஆர்1டியை நோக்கி ஒரு பையன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் மூன்று கடை தாண்டிக் கேட்டது.

இப்போது உன் விஷயம். நீங்கள் இருப்பது டெக்சாஸ். அங்கே எங்கேயடி பாறை? பாறை இல்லாமல் இல்லை, வேலி போட்டிருக்கிறார்கள்! மாநிலத்தில் மிகப் பெரும்பாலான நிலம் தனியார் கையில். கேட்டைத் திறந்து ஏற வேண்டுமானால் யாராவது பண்ணைக்காரரைத் தெரிந்திருக்கணும், இல்லாவிட்டால் காசு கட்டிப் போகும் பார்க்குக்குப் போகணும். பிக் பெண்டில் பிளாக் கேப் ரோடு என்று ஒன்று உண்டு, பராமரிப்பே கிடையாது, நல்ல முரட்டுச் சாலைதான். ஆனால் டாலஸிலிருந்து அது ஒரு நாள் பயணம். வழியில் சார்ஜருக்கு வேறு கணக்குப் போடணும். எங்கள் கொலராடோ பக்கம் வேறு கதை. பக்கத்து யூட்டாவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நிலம் மத்திய அரசுடையது. சனிக்கிழமை விடிகாலை கிளம்பினால் மோவாபில் மதியச் சாப்பாடு. கொலராடோவிலேயே மலைக்கு மலை பழைய சுரங்கப் பாதைகள். ஆகவே எங்கள் வீட்டு நியாயத்தை உன் வீட்டில் காட்டி அண்ணன் ஜெயிக்கப் பார்த்தால் விடாதே. நிலம் யாருடையது என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிட்டது.

மோவாபைப் பற்றி ஆசையாகக் கேட்டிருந்தாயே. அங்கே சிவப்பு மணற்பாறை வழவழவென்று தெரியும், ஆனால் டயர் ஒட்டிக்கொள்ளும். ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்ற பாதையில் குன்றின் முதுகிலேயே வண்டி ஏறுகிறது. பயமெல்லாம் ஏறும்போது இல்லை. உச்சியில் முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் இந்தப் பக்கம் இருக்கும்போது நடு வயிறு தட்டும் பார், அங்கேதான் எனக்குத் திருச்செந்தூர் முருகன் ஞாபகம் வந்தது. ஆர்1டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீளமான வண்டிக்கு இந்தத் தொந்தரவு எப்போதும் உண்டு. ஏர் சஸ்பென்ஷனை முழுக்க உயர்த்தினால் தரையிலிருந்து ஏறக்குறைய பதினைந்து அங்குலம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அந்தப் பக்கமே சாய்ந்து ஓரம் பாறையில் உட்காரும். அப்போதுதான் ஸ்லைடருக்கு வேலை. ஸ்லைடர் பாறைமேல் வழுக்கிக்கொண்டே வண்டியை நகர விடும், கதவும் ஓரத்தகடும் பிழைக்கும். பின்பக்கம் சில ஸ்லைடர்கள் வெளியே வளைந்திருக்கும். மரத்தில் பின்பக்கம் உரசாமல் வண்டியை அது தள்ளிவிடும்.

அந்த இடத்தில் படி இருந்தால் என்ன ஆகும்? எங்கள் தெருக்காரர் ஒருவர் செய்து காட்டினார். அழகான அலுமினியப் படி, பளபளவென்று. அதோடு ஒரு மலைப் பாதைக்குப் போனார். பாறை படியை மேலே மடக்க, படி கதவின் அடியில் போய் இறுகிக்கொள்ள, அந்தப் பக்கத்துக் கதவு திறக்கவே இல்லை. பிள்ளைகளை ஜன்னல் வழியே இறக்கினார்கள். அவர் மனைவி இன்றுவரை அந்தக் கதையை எல்லா விருந்திலும் சொல்கிறாள், பாவம் மனுஷன் சிரித்துக்கொண்டே பாயசம் குடிக்கிறார்.

எதிர்ப்பக்கக் கதையும் கேள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு ஒரு தம்பதி ஹம்மர் இவி-யில் வந்து இறங்கினார்கள். ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல், நாலு டன்! பாறையேறும் பேக்கேஜில் கம்பெனியே ஸ்லைடரும் அடிக்கவசமும் போட்டுத் தருகிறது. பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை ஒன்று அந்த ஸ்லைடரில் கால் வைத்து ஏறப் போனது. "ஏய், கீறல் விழும், இறங்கு!" என்று ஒரு அதட்டல். பாறையைத் தாங்கச் செய்த இரும்புக்கு ஆறு வயசுப் பிள்ளையின் செருப்பு ஆகாதாம். அந்த வண்டி பார்த்த பெரிய மேடு காஸ்ட்கோ வாசல் வேகத்தடைதான் என்று நான் சொல்லவில்லை, இவர் சொன்னார்.

இப்போது அத்தைக்கு வருவோம். ஆர்1டியில் ஒரு நல்ல வித்தை உண்டு, நிறுத்தியதும் வண்டி தானே தணியும்படி வைக்கலாம். யானை பாகனுக்காக மண்டியிடுவது போல மெல்ல இறங்கும். என் மாமியார் போன கோடையில் வந்தபோது அதைப் பார்த்து வாயெல்லாம் பல். ஆனாலும் முழுத் தீர்வு இல்லையடி. அடிப்பகுதி தணிந்தாலும், பேட்டரியின் தடிமனுக்கு மேலேதான் கால் வைக்கும் தரை இருக்கிறது. முழங்காலில் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது ஒரே எட்டில் ஏறுகிற உயரம் இல்லை. நாங்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை கியர் டனலில் போட்டு வைத்திருந்தோம், அதுதான், பின் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே போகும் அந்தப் பொந்து. அதன் கதவு கீழே மடங்கும், மேலே சாமான் கட்ட அதில் ஏறி நிற்கலாம். ஆனால் அது இருக்கும் இடத்திலிருந்து சீட்டுக்குப் போக வழி இல்லை. கோயில், மருத்துவர், இந்தியன் கடை என்று எங்கே போனாலும் இவர் ஸ்டூலை எடுத்து வைத்து, மடக்கி, திரும்ப உள்ளே தள்ளி. மாமியாருக்கு அதில் ஒரு ராஜமரியாதை. இவருக்கு இடுப்புவலி.

ஆகவே உனக்குப் படிதான். அதிலும் எந்தப் படி என்பதைக் கவனி. உருளைக் குழாய் மாதிரி வருகிறதே, அது வேண்டவே வேண்டாம். ஜீன்ஸும் ஷூவும் போட்டவர்களுக்கு அது சரிப்படும். புடவையும் ஹவாய் செருப்பும் போட்டவர்கள் அதில் கால் வைத்தால் வழுக்கும், கால் எங்கே இருக்கிறது என்று கொசுவம் மறைத்துவிடும். தட்டையாக, பாதம் முழுக்கப் பதியும் அகலத்தில், சொரசொரப்பான ரப்பர் பதித்த படியாக வாங்கு. சொரசொரப்புக்கு என்று கூரான பல் வைத்த உலோகத் தட்டு வரும், அது புடவை ஓரத்தைக் கிழிக்கும். படி முன் கதவிலிருந்து பின் கதவு முடியும்வரை ஓடணும், ஏனென்றால் அத்தை உட்காரப் போவது பின்னால்.

கதவைத் திறந்தால் மோட்டாரில் இறங்கி, மூடினால் உள்ளே போகும் படிகள் இருக்கின்றன. அழகு, காற்றுத் தடையும் குறையும். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் மெக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள். அந்த உப்புச் சேறு மூட்டுகளில் ஏறி உறைந்தால் படி பாதியில் நிற்கும். உங்கள் பக்கம் பனி எப்போதாவது என்பதால் பரவாயில்லை. ஆனால் விலை சாதாரணப் படிக்கு மேல், மின்சார இணைப்பும் தனி வேலை. சும்மா நிற்கும் படி போதும் என்பது என் கட்சி. ரேஞ்ச் குறையுமே என்று அண்ணன் பயமுறுத்தினால் அசராதே. ரேஞ்சைக் குடிப்பது வேகமும் கூரைமேல் கட்டுகிற கூடாரமும். கம்பெனி முதலில் சொன்னது 314 மைல், அதில் படி எடுப்பது அவர் எழுபத்தைந்தில் ஓட்டாமல் எண்பத்தைந்தில் ஓட்டும்போது போவதைவிடக் குறைவு. டிரைவர் கதவைத் திறந்தால் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஸ்டிக்கர் இருக்கும், கனமான இரும்பு ஸ்லைடர் மாட்டினால் அதில் கழியும் என்பதையும் அவர் காதில் போட்டு வை.

அவருக்கும் ஒரு வழி சொல்கிறேன், இல்லாவிட்டால் முகம் தூக்கி வைத்துக்கொள்வார். போல்ட் போட்டு மாட்டும் படியாக வாங்கினால் கழற்றலாம். அத்தை ஊருக்குப் போனதும் படியைக் கழற்றி கராஜில் சாத்திவிட்டு, எங்கள் வண்டியோடு மோவாப் வரட்டும், இவர் வழி காட்டுவார். ஸ்லைடருக்குள்ளேயே படி மடங்கி ஒளிந்திருக்கும் வகை ஒன்றை ஜீப்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கு அது வந்தால் அப்போது அவர் ஆசையைப் பார்ப்போம்.

மாமா விமானம் இறங்குவதற்குள் பொருத்திவிடு, கடைசி நாளில் கடைக்காரன் கையை விரிப்பான். அப்புறம் அந்த ஹம்மர் வீட்டு அம்மா பொங்கல் விழாவில் என் காதோரம் வந்து சொன்ன இன்னொரு விஷயம் இருக்கிறது. அது கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நீச்சலுக்குப் போனதும் ஃபோன் பண்ணு.

உன்,
நான்தான்