திரையின் கீறலும் தஜ்வீத் பாடமும்



குர்ஆன் ஓதுவதைக் காதால் மட்டும் கற்க இயலாது; ஓதிக் கொடுப்பவரின் உதட்டையும் நாவையும் பார்த்தே கற்க வேண்டும். ஸா, தால், ளா ஆகிய மூன்று எழுத்துகளுக்கும் நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். ஃபாவுக்கு அதே பற்களின் விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தில் பட வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கு இவை எளிதில் வருவதில்லை. ஸாவை ஸீனாகவும் ஃபாவைப் பாவாகவும் ஓதும் பழக்கம் முதுமையிலும் விடுவதில்லை. செவிப்புலன் குன்றியவர்களுக்கோ வாயசைவு ஒன்றே துணை.

நம் உம்மாவின் நிலை அதுவே. மஃரிபுக்குப் பின் கூடத்துத் தொலைக்காட்சியில் தஜ்வீத் பாடப் பதிவுகளைப் போட்டு, பேரப்பிள்ளைகளோடு அவர்களும் அமர்ந்து பழகி வந்தார்கள். சில நாள்களாக அவர்கள் பாடத்துக்கு வராமல் அறையிலேயே தஸ்பீஹோடு இருந்துகொண்டார்கள். காரணம் கேட்டபோது, “கண்ணுல மறுபடியும் புரை விழுந்துட்டு போல வாப்பா. ஹஜ்ரத்து வாயி நடுவுல வெட்டுப்பட்டுத் தெரியுது” என்றார்கள். புரை அறுவை முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிள்ளைகளை விசாரித்தால் அவர்களுக்கும் அதே வெட்டுத் தெரிந்திருக்கிறது. கணினி என்றால் அப்படித்தான் என்று வாளாவிருந்திருக்கிறார்கள்.

அந்தக் கணினி ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. இன்டெல் கோர் ஐ3, இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி நினைவகம். விற்றவர் கள்ளப் பிரதி விண்டோஸை இலவசமாகவே போட்டுத் தருவதாகச் சொன்னார். நாம் இணங்கவில்லை. நூல் உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. பிறர் உடைமையைத் திருடிக் கொண்டு குர்ஆன் பாடம் நடத்துவதை நம் மனம் ஒப்பவில்லை. ஆகவே, உரிமையாளர்களே தாராளமாக வழங்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினோம். பழைய கணினிக்கு அது இலேசானது. ஆனால் தொலைக்காட்சியோடு இணைத்த கணினியில் அதற்கென்று சில வேலைகள் மிச்சம் இருக்கின்றன.

முதலில் இரண்டு நோய்களைப் பிரித்தறிய வேண்டும். படத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்து, மேற்பாதி ஒரு கணத்தையும் கீழ்ப்பாதி வேறொரு கணத்தையும் காட்டினால் அது கிழிசல். படம் நின்று நின்று போனால் அது திணறல். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது.

கிழிசலின் காரணம் எளியது. தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை, மேலிருந்து கீழாகத் திரையை வரைகிறது. ஒரு முறை வரைய ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அது பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே கணினி அடுத்த படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டால், மேலே பழையதும் கீழே புதியதுமாகத் திரை நிறைகிறது. உஸ்தாத் தலையசைத்து ஓதும்போது அந்தக் கோடு வாயருகே விழுந்தால், நாவின் நுனி எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்டெல் வரைகலைக்கு மருந்து டியர்ஃப்ரீ. இன்டெல்லுக்கென்று உள்ள எக்ஸ்.ஆர்க் டிரைவரை நிறுவி, அமைப்புக் கோப்பு ஒன்றில் டியர்ஃப்ரீ என்னும் விருப்பத்தை ‘ட்ரூ’ என்று எழுதினால், படம் முழுமையாகத் தயாரான பிறகே, திரை ஒரு சுற்று முடிக்கும் இடைவெளியில் மாற்றப்படும். சிறிது நினைவகமும் மிகச் சிறிய தாமதமும் அதற்கான விலை. கோப்பை எழுதியபின் திரை கருத்துப் போனால் அஞ்ச வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் ஒருசேர அழுத்தி உள்நுழைந்து, அந்தக் கோப்பை நீக்கிவிட்டால் பழைய நிலை திரும்பும். என்விடியா அட்டை வைத்திருப்போருக்கு இதே பணியை ‘ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்’ என்னும் அமைப்பு செய்கிறது. புதிய கணினியாக இருந்தால் வெய்லாந்து வழியாக இயங்கும் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுப்பதே மேல். அதன் வடிவமைப்பிலேயே கிழிசலுக்கு இடம் கொடுக்கவில்லை.

திணறல்தான் நம் பொறுமையைச் சோதித்தது. அண்ணன் மகன், “சாச்சா, புது கம்ப்யூட்டரே வாங்கிடலாம்” என்றான். இருப்பது எதைச் செய்ய வல்லது என்று அறியாமல் புதியதை வாங்குவது இஸ்ராஃப் அல்லவா? டாப் என்னும் கட்டளையில் பார்த்தபோது, யூடியூப் ஓடுகையில் செயலி முழுவதும் அதிலேயே மூழ்கிக் கிடந்தது. ஆனால் இந்தத் தலைமுறைச் சில்லில் எச்.264 காணொளியை விரிப்பதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. ஐ965 எனப்படும் விஏ-ஏபிஐ டிரைவரை நிறுவி, விஏஇன்ஃபோ கட்டளையில் சரிபார்த்தோம், எச்.264 பட்டியலில் இருந்தது, விபி9 இல்லை. யூடியூப் அனுப்பிக்கொண்டிருந்ததோ விபி9. முடிச்சு அங்கேதான். எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எச்264இஃபை என்னும் நீட்சியை உலாவியில் சேர்த்தோம். வன்தட்டிலிருந்த பதிவுகளை எம்பிவி இயக்கியில், வன்பொருள் விரிப்பை இயக்கிப் போட்டோம். அதில் ஷிஃப்டும் ஐ-யும் அழுத்தினால் தவறவிட்ட படங்களின் எண்ணிக்கை தெரியும். முன்பு ஏறிக்கொண்டே போன எண், அல்ஹம்துலில்லாஹ், பூஜ்யத்தில் நின்றது.

ஆயினும் மெல்லிய தடுமாற்றம் ஒன்று எஞ்சியது. செயலிக்குச் சுமையும் இல்லை, கோடும் இல்லை. நம் பதிவுகள் நொடிக்கு 25 படங்கள் கொண்டவை, திரையோ 60. இருபத்தைந்தால் அறுபது மீதியின்றி வகுபடாது. எனவே சில படங்கள் இரு சுற்றும், சில படங்கள் மூன்று சுற்றுமாக ஒழுங்கின்றி நிற்கும். திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு சுற்று நின்றது. இதை எக்ஸ்ரேண்டர் கட்டளையால் செய்யலாம்; கோடி பயன்படுத்துவோர், படத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் விருப்பத்தை இயக்கிவிட்டால் போதும். இதை அறியாமல் இணையத்தின் வேகத்தைக் குறை சொல்வோரே அதிகம்.

அன்று இஷாவுக்குப் பின் உம்மாவை அழைத்து முன்வரிசையில் அமர்த்தினோம். ஸா பாடத்தையே போட்டோம். இரு முறை பார்த்துவிட்டு, நாவை நீட்டிப் பல்லின் விளிம்பில் வைத்து ஓதினார்கள். பின்பு பேத்தியைப் பார்த்து, “நீ இன்னும் ஸீன்தான் ஓதுறே” என்றார்கள்.

இப்போதும் சில பதிவுகள் இக்கணினியில் ஓட மறுக்கின்றன. அவை எச்இவிசி வடிவத்தில் வந்தவை. அதை விரிக்கும் உறுப்பு இந்தச் சில்லில் இல்லை. அவற்றை இரவில் ஹேண்ட்பிரேக்கில் கொடுத்து எச்.264 ஆக மாற்றுகிறோம். பழைய செயலிக்கு நெடுநேரம் பிடிக்கிறது. ஆனாலும் ஃபஜ்ருக்கு எழும்போது பெரும்பாலும் முடிந்திருக்கிறது.