எல்லாப் பச்சையும் களையல்ல

இரத்தினபுரிப் பக்கத்துச் செய்மதிப் படத்தைத் திறப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது முகில். சென்டினல்-2 செய்மதி ஐந்து நாளுக்கொரு முறை தலைக்கு மேலே வந்துதான் போகிறது. படமும் இலவசம். ஆனால் தென்மேல் பருவமழை தொடங்கினால் படத்துக்குப் படம் வெள்ளைப் பஞ்சுதான். தை, மாசியில் வானம் வெளுக்கும் சில நாட்களை நம்பித்தான் நீரில் மிதக்கும் களைகளான ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் படர்ந்த இடங்களை வரைய வேண்டியிருக்கிறது. முகிலை ஊடுருவும் ரேடார் படங்களும் உண்டு. மலைச்சரிவுகளில் அவை கோணலாகிவிடும்.

ஆகாயத்தாமரை இலங்கைக்கு வந்தது 1905இல். நாலே வருடத்தில், 1909இல், அதை ஒழிக்கச் சட்டமே போட வேண்டி வந்தது. சல்வீனியாவை 1939இல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவந்தார்கள். பாடம் இன்னும் முடியவில்லை.

தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; பச்சை இலை அதைத் திருப்பி எறியும். இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் மிதக்கும் களை பளிச்சென்று தெரியும். தெரியும்தான், கரையிலுள்ள தேயிலையும் இறப்பரும் வயல் நெல்லும் அதே கணக்கில் அப்படியேதான் தெரியும். அதனால் பல மாதப் படங்களை அடுக்கி, ‘இது தண்ணீர்’ என்று முதலில் ஓர் எல்லை கீறுவார்கள். அதற்குள் தோன்றும் பச்சைதான் களை. ஆனால் வருடக்கணக்காக மூடிக்கிடக்கும் குட்டை அந்த எல்லைக்குள் வரவே வராது. மோசமாகப் பாதிக்கப்பட்ட குளமே வரைபடத்தில் காணாமல் போகும். அப்போது பழைய நில அளவைப் படத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

உடவளவை நீர்த்தேக்கத்தில் ஏமாற்றம் வேறு மாதிரி. வரட்சியில் நீர் இறங்க, வெளித்தெரியும் தரையில் புல் முளைக்கும். படத்தில் அது களை. நேரில் போனால் யானை மேய்கிற புல்தரை.

மாணிக்கக்கல் தோண்டிய குழிகளிடம் செய்மதி தோற்றே போகிறது. படத்தின் ஒரு கட்டம் 10 மீற்றர். கைவிட்ட குழிகள் பல அதைக்கூட நிரப்பா. தண்ணீரும் கரைப்புல்லும் ஈரமண்ணும் கலந்து ஒரே நிறமாகிவிடும். குழியில் என்ன மிதக்கிறது என்பதைக் கொழுந்து நிறுக்க அந்த வழியாகப் போகிற அக்காவிடம் கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். களு கங்கை 2017 மே மாதத்தைப் போலப் பெருக்கெடுத்தால் குழியில் கிடந்தது வயலுக்குப் போய்விடும். அவர் சொன்னதும் பழசாகிவிடும்.

நீர்த்தேக்கத்திலும் அப்படித்தான். காற்றடித்தால் களை கரை மாறும். களை வரைபடம் ஒன்று கைக்கு வந்தால், நிறங்களைப் பார்க்குமுன் திகதியைப் பாருங்கள்.