ஆணையிடாத் தலைமை

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது பழமொழி. வடம் பிடிக்கப் பலர் முந்துவர். ஆனால் தேர் தெருமுனையில் திரும்பும்பொழுது, சக்கரத்தின் அருகே நின்று முட்டுக்கட்டை இடும் பொறுப்பை ஏற்பவர் மிகச் சிலரே. தேர் ஒழுங்காகத் திரும்பினால் ஊரார் தேரைப் புகழ்வர். தவறினாலோ கட்டையிட்டவரைப் பழிப்பர். தன்னார்வத்தால் நடைபெறும் பொதுப்பணி எதற்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினி உலகிலும் இதற்குச் சான்று உண்டு.

கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதிக்கு மென்பொருள் என்பது பெயர். அக்கட்டளைகளை மனிதர் படித்தறியும் வடிவில் எழுதுவது மூல நிரல் எனப்படும். நிறுவனங்கள் பல தம் மூல நிரலை மறைத்துவைத்து, மென்பொருளின் பயனை மட்டும் விற்கின்றன. வேறு சிலரோ அதனை எல்லார்க்கும் திறந்து வைக்கின்றனர். விரும்புவோர் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இதுவே திறமூல மென்பொருள் ஆகும்.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இயன் மர்டாக் என்னும் இளைஞர் ஓர் அறிவிப்பு விடுத்தார். லினக்ஸ் என்னும் கருவை அடிப்படையாகக் கொண்டு, பலர் கூடி ஓர் இயங்குதளத்தை உருவாக்கலாம் என்பதே அவ்வறிவிப்பு. அப்பொழுது அவருக்கு வயது 20. தம் பெயரையும், பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் இணைத்து, அம்முயற்சிக்கு டெபியன் எனப் பெயரிட்டார். நாளடைவில் பல நாட்டினரும் அதில் சேர்ந்தனர். 2004இல் தோன்றிய உபுண்டு டெபியனின் மீதே கட்டப்பட்டது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே.

தொடக்கத்தில் மர்டாக்கே தலைவராக இருந்தார். 1996இல் புரூஸ் பெரன்ஸ் என்பார் அப்பொறுப்பை ஏற்றார். உறுப்பினர் தொகை பெருகப் பெருக, எழுதப்பட்ட விதிகள் இன்றியமையாதன ஆயின. 1998இல் அமைப்பு விதி ஒன்று ஏற்கப்பட்டது. அதன்படி திட்டத் தலைவர் ஓர் ஆண்டுக்கே தேர்ந்தெடுக்கப்படுவார். தலைவராக விரும்புவோர் தம் பெயரைத் தாமே முன்மொழிதல் வேண்டும். பின்னர்த் தம் கருத்துகளை எழுதி வெளியிட்டு, உறுப்பினர் கேட்கும் வினாக்களுக்கெல்லாம் விடை கூறுதல் வேண்டும். வாக்களிப்போர் ஒருவர் பெயரை மட்டும் குறிப்பதில்லை. தம் விருப்பத்தின் வரிசைப்படி எல்லாப் பெயர்களையும் அடுக்கிக் காட்டலாம். ‘இவருள் எவரும் வேண்டா’ என்னும் பொருளில் ஓர் இடமும் அவ்வரிசையில் உண்டு.

அவ்விதியில் வியப்பிற்குரிய பகுதி ஒன்று உளது. திட்டத்திற்காக உழைத்தே தீரவேண்டும் என்னும் கடமையை இவ்விதி எவர்மீதும் சுமத்தாது என்பதே அதன் கருத்து. அங்ஙனமாயின், தலைவர் யாரை ஏவுவார்? எவரையும் ஏவ இயலாது. ஒரு பணியை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அவர் ஏற்காவிடில் வற்புறுத்த இயலாது. அவசரமான வேளையில் முடிவு எடுக்கலாம். ஆயினும் தம் சொந்தக் கருத்தையே மேலோங்கச் செய்யாமல், உறுப்பினரின் பொதுக்கருத்தைத் தழுவி நடத்தல் வேண்டும். இப்பதவிக்கு ஊதியமும் இல்லை. ஆகவே, அவரிடம் எஞ்சியிருப்பன இரண்டே: எடுத்துரைக்கும் சொல்வன்மையும், பிறர் கூறுவதைப் பொறுமையோடு கேட்கும் பண்பும்.

2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு சோதனை நேர்ந்தது. பெயர் கொடுப்பதற்குரிய ஒரு வாரம் கழிந்தது. ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினருள் ஒருவரேனும் முன்வரவில்லை. திறமை உடையார் அங்கே குறைவா? இல்லை. திட்டத்தின்மேல் அன்பு உடையார் குறைவா? அதுவும் இல்லை. மென்பொருளைச் செம்மை செய்வதே பலர்க்கும் இன்பம். தலைவராயினாரோ அவ்வின்பத்தைப் பெரும்பாலும் துறந்து, கடிதங்களுக்கு விடை எழுதுவதிலும், மாறுபட்டோரை ஒன்றுசேர்ப்பதிலும், பொருட்செலவுக்கு ஒப்புதல் தருவதிலும் தம் ஓய்வு நேரத்தைக் கழித்தல் வேண்டும். ஒருவர் நல்லவராகவும் வல்லவராகவும் இருந்தபோதிலும், ‘வேறு எவரேனும் வருவர்’ என எண்ணி ஒதுங்குதல் எளிது. எல்லாரும் அவ்வாறே எண்ணியிருந்தால் இருக்கை வெற்றிடமாகவே நிற்கும்.

இத்தகைய நிலையை விதி வகுத்தோர் முன்னரே எண்ணியிருந்தனர். எவரும் பெயர் கொடாவிடில், காலம் மேலும் ஒரு வாரம் நீளும் என அவர்கள் எழுதிவைத்திருந்தனர். அவ்வாரத்தில் உறுப்பினரிடையே உரையாடல் மிகுந்தது. தலைவர் ஒருவர் தேவைதானா, ஒரு குழுவே போதாதா என்னும் வினாவும் எழுந்தது. வெற்றிடத்தைக் கண்ணாரக் கண்டபின்னரே, அதனை நிரப்பும் கடமை தமக்கும் உண்டு எனச் சிலர் உணர்ந்தனர் போலும். ஐவர் பெயர் கொடுத்தனர். ஒருவர் பின்னர் விலகிக்கொண்டார். எஞ்சிய நால்வருள் சாம் ஹார்ட்மன் வெற்றி பெற்றார். எவரும் நாடாதிருந்த இருக்கையில் அவர் ஓராண்டு இருந்து பணியாற்றினார். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

2019இல் தோல்வியுற்றாருள் ஒருவர் தென்னாப்பிரிக்கரான ஜொனாத்தன் கார்ட்டர். அவர் தளர்ந்து விலகிவிடவில்லை. 2020இல் மீண்டும் நின்று வென்றார். தொடர்ந்து நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024 வரை அப்பொறுப்பை வகித்தார். 2023இல் அவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. ஆயினும் தேர்தல் நடந்தது. ‘எவரும் வேண்டா’ எனக் கூறும் உரிமை, ஒருவரே நிற்கும்பொழுதும் உறுப்பினர்க்கு உண்டன்றோ?

வென்றாரை மட்டும் நினைப்பது முறையன்று. நம் நாட்டில் கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன் என்னும் பெண்மணி 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தலைமைக்கு நின்றார். டெபியனில் பெண்கள் மிகக் குறைவாக இருத்தலைச் சுட்டி, பல்வகை மக்களும் அதில் பங்குபெறல் வேண்டும் என வாதிட்டார். மூன்று முறையும் அவர் வெற்றி பெறவில்லை. ஆயினும், அவர் நின்றமையால் அக்குறை எல்லார் முன்னிலையிலும் பேசப்பட்டது. எதிர்நின்றோரும் அதற்கு விடை கூற வேண்டியவராயினர். வாக்கு எண்ணிக்கையால் மட்டும் அளக்கத் தக்கது அன்று இப்பணி.

தலைமை என்றவுடன் மாலையும் மேடையும் ஆணையுமே நம் நினைவிற்கு வருகின்றன. இவை மூன்றும் இல்லாத இடத்தில், ‘யார் ஏற்பார்?’ என்னும் வினா எழும்பொழுது, ‘நான் முயல்வேன்’ எனக் கூறுவதற்கு உண்மையான துணிவு வேண்டும். பள்ளி நூலகத்தை ஒழுங்கு செய்யவும், தெருவில் மரக்கன்று நடவும் பத்துப் பேர் கூடுவது அரிதன்று. அவர்களை ஒருங்கிணைப்பவர் யார் என்னும்பொழுதே அவை அமைதியாகிவிடுகின்றது. மாணவர்களே! அவ்வமைதியில் முதலில் எழுந்து நிற்பவர் எல்லாம் வல்லவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. தவறினால் திருத்திக்கொள்ளவும், காலம் முடிந்தவுடன் அடுத்தவர்க்கு வழிவிடவும் அறிந்தவராக இருந்தால் போதும்.