கருக்கு எதுன்னு அப்பத்தாவுக்குத் தெரியும்!

அந்த ஒரு பக்க ரிப்போர்ட்டில் அவள் கண்ணில் பட்டது ஒரே ஓர் எண்தான். 47%.

மதுரையில் ஒரு கல்லூரி. எம்.ஏ. ஆங்கிலம், கடைசி செமஸ்டர். ப்ராஜெக்ட்டின் முதல் வரைவை மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு, கைடாக இருந்த பேராசிரியை அந்தத் தாளை அவளிடம் நீட்டினார். எழுதியதில் ஏறக்குறைய பாதி, வேறு யாரோ ஏற்கெனவே எழுதியதோடு அப்படியே ஒத்துப்போகிறது என்று அர்த்தம்.

அவளுக்குக் கை நடுங்கியது. சொந்த ஊர் சாயல்குடி பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். 'எம்.ஏ. முடிச்சதும் பி.எட்., அப்புறம் டீச்சர் வேலை' என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

"2018-ல யு.ஜி.சி. ஒரு விதிமுறை கொண்டுவந்துச்சு, தெரியுமாம்மா?" என்றார் பேராசிரியை. ஒற்றுமை 10 சதவிகிதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 என்றால், ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

"நல்லவேளை, இது முதல் வரைவு. என் மேஜையோட நிக்கட்டும். ஒழுங்கா திரும்ப எழுதிட்டு வா."

அவள் திருட வேண்டும் என்று நினைத்து எதையும் செய்யவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் கற்றுக்கொண்டது அதைத்தான். கைடில் இருப்பதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதினால் முழு மார்க். சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் சிவப்பு மையில் ஒரு சுழி. பதினேழு வருடம் பாராட்டு வாங்கிக்கொடுத்த பழக்கம், திடீரென்று ஒருநாள் தப்பு என்றால் எப்படி?

அன்று ராத்திரி ஹாஸ்டல் தோழி ஒரு வழி சொன்னாள். வாக்கியங்களை மாற்றி எழுதித் தரும் ஓர் ஆப். பத்தி பத்தியாகப் போட்டு எடுத்தாள். மறுபடி பரிசோதித்தபோது 9%. சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பேராசிரியை எண்ணைப் பார்க்கவில்லை. மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரல் வைத்தார். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வரிக்கும் தெரியவில்லை.

"47, 9 எல்லாம் மெஷின் சொல்றது. நீ என்ன சொல்ற? அது இதுல எங்க இருக்கு?"

பதில் இல்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பேராசிரியை திட்டவில்லை. எழுந்து, "வா, லைப்ரரிக்குப் போவோம்" என்றார்.

அங்கேதான் பாடம் ஆரம்பித்தது.

அவள் எடுத்திருந்த புத்தகம் பாமாவின் 'கருக்கு'. 1992-ல் தமிழில் வந்த தன்வரலாறு. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ல் வெளியானது. அவள் படித்தது ஆங்கிலப் புத்தகத்தை மட்டும்தான். "தமிழ்ல வாசிச்சியா?" என்று கேட்டார் பேராசிரியை. இல்லை. ஆங்கில எம்.ஏ-வுக்குத் தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று நினைத்திருந்தாள்.

நூலகக் கம்ப்யூட்டரில் 'என்-லிஸ்ட்' திறந்து காட்டினார். கல்லூரிகளுக்காக இருக்கும் இந்தச் சேவையில், மாணவர்கள் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் படிக்கலாம். அடுத்தது 'ஷோத்கங்கா'. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி. ஆய்வேடுகள் அங்கே குவிந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக வாசிக்கலாம்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், படித்ததில் யார் என்ன சொன்னார்கள், எந்தப் பக்கத்தில் என்பது. அப்படியே எடுத்த வரி என்றால் கண்டிப்பாக மேற்கோள் குறி. வலது பக்கம், அதைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றுகிறது என்பது.

முதல் வாரம் இடது பக்கம் நிரம்பி வழிந்தது. வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

இரண்டாவது வாரம் தமிழ் 'கருக்கு' கையில் கிடைத்தது. விடியற்காலை வரை வாசித்தாள். பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்ட புத்தகம். ஆங்கிலத்தில் அகராதி பார்த்துப் பார்த்துப் படித்த அதே வாழ்க்கை, தமிழில் பக்கத்துத் தெருவில் யாரோ பேசுவதுபோல் இருந்தது. முன்னுரையில், சின்ன வயதில் விறகு பொறுக்கும்போது பனங்கருக்கு கிழித்த காயத்தைப் பற்றி பாமா சொல்கிறார். அங்கே அவள் நின்றாள்.

அவள் படித்த ஆங்கிலக் கட்டுரைகளில், கருக்கு என்றால் 'பனை ஓலை' என்றே இருந்தது. விறகுக்கு ஓலையையா பொறுக்குவார்கள்?

வலது பக்கத்தில் முதல் வரி விழுந்தது. அது ஒரு கேள்வி.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினாள். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார்.

"அப்பத்தா, கருக்குன்னா எது?"

"இதுக்கா மதுரையில இருந்து வந்த?" அப்பத்தா சிரித்தார். பிறகு, கொல்லையில் விறகுக்காக அடுக்கியிருந்த பனைமட்டை ஒன்றை இழுத்துப் போட்டார். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி பல் பல்லாகக் கறுப்பு முட்கள். "இந்தா, இதுதேன் கருக்கு. ஓலை கீறும் தாயி. கருக்குதேன் அறுக்கும். கருக்கருவா கேள்விப்பட்டது இல்லையா?"

சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலுக்கு மேலே காட்டினார். வெளுத்துப்போன நீளத் தழும்பு. எட்டு வயதில் விறகு பொறுக்கப் போனபோது பட்டதாம். அந்தத் தழும்பை அவள் சின்னதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கேயே போனில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தாள். பனைமட்டையின் கூர்விளிம்பு, அரிவாளின் பல் என்ற பொருள்கள் அதில் இருந்தன. பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா சொன்னதும், பேரகராதி சொன்னதும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஓடிப்போய்ச் சொன்னாள். பேராசிரியையின் முகம் மலர்ந்தது. "சரி. ஓலையா இருந்தா என்ன, மட்டையா இருந்தா என்ன? அதைச் சொல்லு, அதுதான் உன் ஆய்வு."

அதற்குப் பதில் எழுத இரண்டு வாரம் ஆனது. ஓலை, முடைந்து பெட்டியாகவும் பாயாகவும் நம் வீட்டுக்குள் வருகிற பொருள். மட்டையின் கருக்கு, வேலை செய்கிறவர் உடம்பில் மட்டுமே படுவது. 'ஓலை' என்று மாற்றியதும் அந்த உழைப்பும் காயமும் கொஞ்சம் மங்கிவிடுகின்றன. இவ்வளவுதான் அவள் எழுதியது. ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டால், அவளால் சொல்ல முடியும்.

கடைசியாக, மேற்கோள் நூல் பட்டியல். எம்.எல்.ஏ. கையேட்டின் 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்புப்படி தயாரிக்க வேண்டும். புத்தகத்துக்கு முறை இருப்பதுபோலவே, ஒருவரிடம் நேரில் பேசித் தெரிந்துகொண்டதற்கும் அதில் முறை இருந்தது. பெயர், நேர்காணல், தேதி.

"மேடம், குடும்பப் பெயரை முதல்ல போடணுமே? எங்க அப்பத்தாவுக்கு ஒரே பேருதான்."

"பாமாவுக்கும் ஒரே பேருதானே. அதே மாதிரி போடு. ஆனா அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடு."

போனில் கேட்டாள். அப்பத்தா பயந்துபோனார். "எம்பேரு எதுக்கு தாயி? லோனு கீனு எதுவும் இல்லையே?" கைநாட்டு வைத்தே பழகியவருக்கு, தாளில் பெயர் வருவது என்றாலே கடனும் ரேஷனும்தான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததால்தான் இதை எழுத முடிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் திருட்டு என்று புரியவைத்தாள். "அப்படின்னா போட்டுக்க" என்றார்.

ஆங்கில அகரவரிசையில் அப்பத்தாவின் பெயர், ஒரு பேராசிரியருக்கும் இன்னொரு பேராசிரியருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

வைவா அன்று, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எல்லாப் பக்கங்களையும் விட்டுவிட்டு அந்தப் பட்டியலில் நின்றார். "யார் இவர்?"

ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவே வேர்க்கும் அவளுக்கு. அன்று தாளைப் பார்க்காமல் பேசினாள். மட்டையைப் பற்றி, விறகைப் பற்றி, தழும்பைப் பற்றி. இலக்கணம் இரண்டு இடத்தில் தப்பியது. யாரும் நிறுத்தவில்லை.

இறுதி ரிப்போர்ட்டில் ஒற்றுமை 6%. அதைப் பேராசிரியை சொல்லித்தான் அவள் கவனித்தாள்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது, பைண்டு செய்த பிரதி ஒன்றை எடுத்துப்போனாள். அப்பத்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தை அவள் விரித்துக் காட்டினாள். வரிசையாக ஆங்கில எழுத்துகள்.

"இதுல எது தாயி நானு?"

அவள் அப்பத்தாவின் விரலைப் பிடித்து, அந்த வரியின் மேல் வைத்தாள்.